பச்சைத் தண்ணீர் வெங்காயங்கள்

டீக்கடைக்காரரிடம் பன்னிரண்டு கண்ணாடி டம்ளர் இரவல் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இன்னா விசேஷம்? பொண்ணு பாக்க வராங்களா?” என்றார். வெங்காயம் வைப்பதற்கு என்றேன். பெண் பார்க்க வருவதைவிட அதுதான் அவருக்குப் பெரிய செய்தியாகிவிட்டது. நான் டம்ளர்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள், பட்டணத்தில் படிக்கிற பெண் வெங்காயத்துக்கு டீ கொடுக்கப் போகிறாள் என்று அம்மாவுக்குத் தகவல் வந்துவிட்டிருந்தது.

நான் அப்போது மெட்ராஸில் எம்.எஸ்ஸி. தாவரவியல் இரண்டாம் வருஷம். எழுபதுகளின் கடைசி, மதுவிலக்கு இருந்த காலம். ஹாஸ்டலில் மஞ்சள் காமாலை பரவி, எங்களை எல்லாம் ஒரு மாதத்துக்கு வீட்டுக்குத் துரத்திவிட்டார்கள். மற்ற பெண்கள் துள்ளிக் குதித்துக்கொண்டு போனார்கள். எனக்கு மட்டும் எரிச்சல், ஏனென்றால் என் ப்ராஜெக்ட் அப்போதுதான் தொடங்கியிருந்தது. எங்கள் பேராசிரியை சிரித்து யாரும் பார்த்ததில்லை. “உங்க ஊர்ல வெங்காயம் கிடைக்காதா? தண்ணீர் கிடைக்காதா? அப்புறம் என்ன?” என்று கேட்டு, ஒரு பாட்டில் திராவகத்தைக் கையில் கொடுத்து என்னை அனுப்பிவைத்தார்.

ப்ராஜெக்ட் இதுதான். வேர்க்கடலை இலையில் கரும்புள்ளி விழுந்தால் எங்கள் பக்கத்தில் ஒரு மஞ்சள் நிறத் தூளைத் தண்ணீரில் கலந்து அடிப்பார்கள். பூஞ்சைக்கொல்லி என்று புத்தகத்தில் போட்டிருக்கும், ஊரில் அதற்கு மருந்து என்றுதான் பெயர். பூஞ்சையைக் கொல்கிற அந்த மருந்து, மற்ற உயிர்களின் செல்லுக்குள் இருக்கிற மரபுப் பொருளையும் கெடுக்கிறதா என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு வெங்காயத்தைப் போலத் தோதானது வேறில்லை. அடிப்பகுதி தண்ணீரில் படும்படி வைத்தால் இரண்டே நாளில் வெள்ளை வெள்ளையாக வேர் விடும். அந்த வேர்நுனியில் செல்கள் ஓயாமல் இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டே இருக்கும். பிரியும்போது உள்ளே குரோமோசோம்கள் நூல் நூலாகத் தெரியும். அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்ட மாதிரி, சரிபாதியாக இரண்டு பக்கமும் ஒதுங்கும். ஏதாவது கெடுதல் நடந்திருந்தால் சில நூல்கள் அறுந்திருக்கும், சில நடுவழியிலேயே நின்றுவிட்டிருக்கும்.

வெங்காயங்களில் பாதியை மருந்துத் தண்ணீரிலும் மீதியைப் பச்சைத் தண்ணீரிலும் வைத்து, இரண்டிலும் எத்தனை செல் கெட்டிருக்கிறது என்று எண்ண வேண்டும். பச்சைத் தண்ணீரில் இருந்தது ஒழுங்காக இருந்து, மருந்தில் இருந்தது கெட்டிருந்தால் அது மருந்தின் வேலை. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் மருந்தின்மேல் பழி சொல்ல முடியாது. இவ்வளவுதான் விஷயம், இதில் ஒரு கம்பசூத்திரமும் இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

செங்கல்பட்டில் ஒரு போலீஸ்காரர் சாராயம் தேடிக்கொண்டு பஸ்ஸுக்குள் ஏறினார். ஒவ்வொருத்தர் பையாகத் தடவிக்கொண்டு வந்தவர், என் மடியில் இருந்த பாட்டிலைப் பார்த்ததும் நின்றுவிட்டார். வெட்டிய வேரைக் கெடாமல் வைப்பதற்கான திராவகம் அது. அதில் முக்கால்வாசி சுத்தமான ஆல்கஹால்.

“இன்னாம்மா அது?”

“வெங்காய வேரு ஊறப்போடறதுக்கு, சார்.”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். மிச்சம் கால்வாசி அசெட்டிக் ஆசிட் என்பதைச் சொல்ல எனக்கு அவகாசம் தரவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வர, பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். “இதக் குடிக்கறவன் நேரா மேல போய்டுவான். எனக்கு ஒரு கேஸு மிச்சம், எடுத்துக்கினு போ” என்றார். கண்டக்டர் நான் இறங்கிய மானாம்பதி வரைக்கும் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் அம்மா வாசலிலேயே மறித்தாள். “கொயம்புக்கு நாலு வெங்காயம் போடறதுக்கு யோசிச்சிகினு கீறேன். இவ பன்னெண்ட தண்ணில ஊறப்போடறாளாம். மருந்தெல்லாம் வூட்டுக்குள்ள வரக்கூடாது, சொல்லிட்டேன்.” நைனா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “மோட்டார் கொட்டாய்ல வெச்சிக்கச் சொல்லு” என்றார். அவர் என் படிப்பு விஷயத்தில் எடுத்த முடிவுகள் எல்லாம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் எடுத்தவைதான்.

மோட்டார் கொட்டாய் என்பது எங்கள் கிணற்றடியில் பம்புசெட்டுக்காகக் கட்டிய சின்ன அறை. அதன் ஒரு மூலையில் மருந்தடிக்கிறவர் தன் ஸ்ப்ரேயரையும் பக்கெட்டுகளையும் வைத்திருப்பார். எங்கள் நிலத்துக்கு மட்டுமில்லை, சுற்றுவட்டாரத்தில் எல்லார் நிலத்துக்கும் அவர்தான் மருந்தடிப்பார். ஊரில் அவரை மருந்துக்காரர் என்றே சொல்வார்கள். எங்கள் வீட்டில் எல்லாரும் அவரைப் பெயர் சொல்லி, வா போ என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அண்ணா என்பேன், அதற்காக வீட்டில் இரண்டு தடவை திட்டு வாங்கியிருக்கிறேன்.

அவரும் அவர் மனைவியும் ஜோடியாகத்தான் வேலைக்கு வருவார்கள். அவர் ஸ்ப்ரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு அடிப்பார். அந்த அம்மாள் தண்ணீர் சேந்தி, மருந்து கலந்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டித் தருவாள். அந்தத் தூள் தண்ணீரில் விழுந்தால் கட்டி கட்டியாக நிற்கும். குச்சியால் கலக்கினால் உடையாது, கட்டி போய் ஸ்ப்ரேயரின் வாயை அடைத்துக்கொள்ளும். அதனால் எல்லாரும் கையை விட்டுத்தான் கலக்குவார்கள். அந்த அம்மாள் முழங்கை வரைக்கும் விட்டு, மாவு பிசைகிற மாதிரி கட்டியை நசுக்கிக் கரைப்பாள். வேலை முடியும்போது கை மஞ்சளாக இருக்கும்.

நான் கொட்டாயில் ஒரு பலகையைப் போட்டு, பன்னிரண்டு டம்ளரையும் வரிசையாக வைத்து, வெங்காயங்களை உட்காரவைத்தேன். மருந்துக்காரர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்.

“இன்னா பாப்பா இது?”

“மருந்தப் பத்தி ஒரு பரீட்சைணா. யாரும் தொடக்கூடாது.”

“யாரும் தொடாம நான் பாத்துக்கறேன்” என்றார். அதற்குமேல் நான் ஒன்றும் விளக்கவில்லை. விளக்கினால் புரியுமா என்ன என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அன்று மத்தியானம் அவர் மனைவி கிணற்றடியில் என்னைத் தனியாகப் பிடித்தாள்.

“பாப்பா, நீ அந்த மருந்தப் பத்தித்தான் படிக்கிறியாமே. ஒண்ணு கேட்டா சொல்லுவியா?”

“இன்னா?”

“நான் முயுகாம கீறேன். நாலாவது மாசம். முன்ன ரெண்டு நிக்கல, உனக்குத் தெரியுமில்ல?”

தெரியும். முதலாவது மூன்றாம் மாதத்திலும் அடுத்தது ஐந்தாம் மாதத்திலும் போய்விட்டன. இரண்டாவது தடவை அம்மா என்னைப் போய்ப் பார்க்க விடவில்லை.

“இந்த மருந்துல கைய வுட்டுக் கலக்கறேனே, அதனால இன்னாவாவது ஆவுமா? நர்ஸம்மாவ கேட்டேன். கீரை துன்னு, பாலு குடின்னு சொல்லிச்சி. மருந்தப் பத்தி அதுக்கும் தெரியலியாம். இப்போதிக்கு எங்க நாத்தனா வந்து கலக்குது. அது ஊருக்குப் போய்டிச்சின்னா மறுபடியும் நான்தான் கைய வுடணும். வேற யாரும் அந்த நாத்தத்துக்கு வரமாட்டன்றாங்க. வுடலாமா கூடாதா, அத மட்டும் சொல்லிடு.”

பேராசிரியை எனக்கு ஒரு ப்ராஜெக்ட் கொடுத்திருந்தார், மார்க் வரும், பட்டம் வரும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இப்போது ஒருத்தி பதிலுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நிற்கிறாள். வெங்காயம் வேறு மனுஷி வேறு, வெங்காயத்துக்கு ஆவது உனக்கும் ஆகும் என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னது இதுதான்: “ஒரு பத்து நாளு பொறுங்க. நான் பாத்துட்டுச் சொல்றேன்.” வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எனக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

மூன்றாம் நாள் காலையில் எல்லா வெங்காயமும் வேர் விட்டிருந்தது. ஆறு வெங்காயங்களை மருந்துத் தண்ணீருக்கு மாற்றினேன். மற்ற ஆறும் பச்சைத் தண்ணீரிலேயே இருந்தன. அவற்றில் ஒன்றிரண்டின் அடியில் லேசாக வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தது. திரும்பி வந்து துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஏனென்றால் அப்போதுதான் தெரிந்தது, வேரில் ஏற்றுகிற சிவப்புச் சாயத்தை மெட்ராஸிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன். சாயம் ஏறாவிட்டால் மைக்ராஸ்கோப்பில் ஒரு நூலும் தெரியாது. அடித்துப் பிடித்துக்கொண்டு முதல் பஸ்ஸில் கிளம்பி, மெட்ராஸில் பெரியம்மா வீட்டில் ஓர் இரவு தங்கி, மறுநாள் சாயத்தோடு திரும்பினேன்.

கொட்டாய்க்குள் நுழைந்து பார்த்தால், பச்சைத் தண்ணீர் வெங்காயம் ஆறும் பளபளவென்று இருந்தன. பூஞ்சை இருந்த இடமே தெரியவில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீரே தண்ணீர் என்று எனக்கு ஒரே பெருமை. மருந்துக்காரர் வாசலில் நின்று, “சுத்தமா கீதுல்ல பாப்பா?” என்றார்.

“ரொம்ப சுத்தம்ணா.”

அவரும் சந்தோஷமாகப் போனார். மறுநாள் காலை பத்து மணிக்கு எல்லா வேர்நுனியையும் வெட்டி, பாட்டிலில் போட்டு மூடினேன்.

உத்திரமேரூரில் எனக்குச் சயன்ஸ் எடுத்த வாத்தியார், பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப்பைப் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதித்தார். கீழே கண்ணாடி வைத்த பழைய மைக்ராஸ்கோப். ஜன்னல் வெளிச்சத்தைப் பிடித்து மேலே அனுப்ப வேண்டும், மேகம் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். வேர்நுனியைச் சாயத்தில் சூடாக்கி, சிலைடில் வைத்து, கட்டைவிரலால் ஒரே அழுத்தாக நசுக்குவேன். பக்கத்து வகுப்புப் பெண்கள் இடைவேளையில் வந்து, “அக்கா, எங்களுக்கும் காட்டுங்கக்கா” என்று வரிசையில் நிற்பார்கள். பார்த்துவிட்டு, “ஐய, மண்புழு” என்று ஓடுவார்கள்.

மருந்துத் தண்ணீர் வேர்களை முதலில் பார்த்தேன். சந்தேகமே இல்லை. நூல்கள் அறுந்து கிடந்தன, நடுவில் தனியாக நின்றன, சில செல்களில் பாகப்பிரிவினையே நடக்காமல் எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தது. இதைப் போய் அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே பச்சைத் தண்ணீர் வேரை எடுத்து வைத்தேன். அதிலும் அதே கோலம். அடுத்ததைப் பார்த்தேன், அதுவும் அப்படியே. இரண்டு நாள் கழுத்து சுளுக்க எண்ணிப் பார்த்தேன். மருந்தில் இருந்ததற்கும் பச்சைத் தண்ணீரில் இருந்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இரண்டும் ஒன்று என்றால் மருந்தின்மேல் பழி இல்லை. கணக்கு அப்படித்தான் சொல்லிற்று. வெங்காயமே சரியில்லையோ, சாயம்தான் கோளாறோ என்று நிதானமாக யோசித்திருக்கலாம். எனக்கு ஏது நிதானம். அந்த அம்மாளிடம் நல்ல வார்த்தை சொல்ல ஒரு வழி கிடைத்ததே என்று, பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேரே அவர்கள் வீட்டுக்கே போனேன். எங்கள் தெருப் பெண்கள் காலனிப் பக்கம் போகிற வழக்கமில்லை. அதைக்கூட மறந்துவிட்டேன்.

“மருந்தால ஒண்ணும் வித்தியாசம் இல்ல. பயப்படாதீங்க” என்றேன்.

அந்த அம்மாள் இரண்டு கையையும் முகத்தில் வைத்துக்கொண்டாள். “நீ நல்லா இருக்கணும் பாப்பா” என்றாள். உள்ளே போய் ஒரு முறம் நிறைய வேகவைத்த வேர்க்கடலை கொண்டுவந்து கொடுத்தாள். நான் உரித்துத் தின்றுகொண்டே வீட்டுக்கு நடந்தேன். நாத்தனார் இரண்டு நாளில் ஊருக்குக் கிளம்பிவிட்டார். அந்த அம்மாள் மறுபடியும் பக்கெட்டில் கையை விட்டாள், என் வார்த்தையை நம்பி.

அதற்கப்புறம் பத்து நாள் கழித்து, சிலைடுகளை எடுத்துக்கொண்டு பேராசிரியையைப் பார்க்கப் போனேன். அவர் என் நோட்டைத் தொடவே இல்லை. பச்சைத் தண்ணீர் சிலைடு ஒன்றை வைத்துப் பார்த்தார். இன்னொன்றை வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “பச்சைத் தண்ணீர்ல வளர்ந்த வேர் இப்படி இருக்காது. யாரோ கை வெச்சிருக்காங்க. போய் விசாரி” என்றார்.

“எங்க ஊர்ல யாரும் அப்படிச் செய்ய மாட்டாங்க மேடம்.”

“நான் திருட்டுன்னு சொன்னேனா? கை வெச்சிருக்காங்கன்னு சொன்னேன்.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பஸ்ஸில் வருகிற மூன்று மணி நேரமும் யாரை எப்படித் திட்டுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் கால் வைத்ததும் அம்மாவைப் பிடித்தேன். “ஆமா, உன் மருந்து வெங்காயத்த எடுத்து வெங்காய சாம்பாரு வெச்சேன், துன்னுட்டுத்தான் எல்லாரும் உசுரோட கீறோம். போடி” என்றாள். நைனாவைக் கேட்டேன். பேப்பர் மட்டும் ஆடிற்று. அதே வேகத்தில் கிணற்றடிக்குப் போனேன். அன்று எங்கள் கடலைக் கொல்லையில்தான் மருந்தடிப்பு. மருந்துக்காரர் கொட்டாய் வாசலில் ஸ்ப்ரேயரின் வாயைக் குத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

“என் வெங்காயத்த யார்ணா தொட்டது?”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு நாளாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த மாதிரி இருந்தது.

“நான்தான் பாப்பா. நீ ஊர்ல இல்ல. பச்சத்தண்ணில கீற ஆறும் அடியில வெள்ளையா பூத்துகினு அயுவ ஆரம்பிச்சிடுச்சி. நீ பாட்டுக்குப் பரீட்சைன்னு சொல்லிட்டுப் போய்ட்டே. அது அயுவிப்போனா நீ ஃபெயிலாய்டுவே, இவளுக்கும் பதிலு கெடைக்காது. நாத்து வேர முக்கி நடுவோம் பாரு, அந்த மாரி ராவெல்லாம் மருந்து பக்கெட்டுல முக்கி வெச்சேன். காலைல எடுத்து நல்ல தண்ணில அலசி, பயையபடி அதது டம்ளர்ல அதத வெச்சிட்டேன். ஒரு வெங்காயம் மாறல. நீயே ரொம்ப சுத்தம்னு சொன்னியே.”

பூஞ்சை பிடித்தால் மருந்து போடுவதுதான் அவர் வேலை. ஊரில் அவரைவிட நன்றாக அதைச் செய்கிறவர் கிடையாது. அவர் பரீட்சையைக் காப்பாற்றியிருக்கிறார்.

ஒரு கணம் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அடுத்த கணம்தான் உறைத்தது. அந்த ஆறும் பச்சைத் தண்ணீர் வெங்காயமே இல்லை. பன்னிரண்டும் மருந்து குடித்தவை. அப்படியென்றால் நான் பார்த்த அறுந்த நூல், நின்ற நூல் எல்லாமே மருந்தின் வேலை. திரும்பிப் பார்த்தேன். இருபது அடி தள்ளி, வாய்க்கால் ஓரத்தில் அவர் மனைவி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முழங்கை வரை பக்கெட்டில் விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

ஓடினேன். என்ன சொல்லிக்கொண்டு ஓடினேன் என்று நினைவில்லை. அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன், பக்கெட் சாய்ந்து என் பாவாடை எல்லாம் மஞ்சளாயிற்று. மோட்டார் தண்ணீர் விழுகிற தொட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய், அவள் கையைக் கழுவிவிட்டுக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். வெங்காயத்துக்கு ஆவது மனுஷருக்கும் ஆகும் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் ஒன்றும் ஆகாது என்று நான் சொன்னது தப்பு, சொல்லவே கூடாத தப்பு என்றேன்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நிதானமாக ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அப்போ இந்தப் பத்து நாளா கைய வுட்டேனே. அதுக்கு இன்னா பாப்பா பதிலு?”

“தெரியாது” என்றேன். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டேன். அவள்தான் என்னைத் தேற்ற வேண்டியதாகப் போயிற்று. அந்த வெட்கம் இன்றைக்கும் எனக்குப் போகவில்லை.

மருந்துக்காரர் சாய்ந்து கிடந்த பக்கெட்டை நிமிர்த்தி வைத்தார். “எதுக்குத் தொடக்கூடாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஏன் பாப்பா முக்கப்போறேன்?” என்றார். அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் மருந்தைப் பற்றி எங்கள் பேராசிரியைக்குத் தெரியாததெல்லாம் தெரிந்தவர். அவருக்குப் புரியாது என்று நான் முடிவு கட்டியதுதான் ப்ராஜெக்ட்டில் நடந்த ஒரே கோளாறு.

இப்போது யார் கலக்குவது என்று கேள்வி வந்தது. பாதிக் கொல்லைக்குத்தான் அடித்திருந்தார்கள். நைனா வரப்பில் வந்து நின்று, “வெங்காயத்துக்குக் காய்ச்சல்னா வேலைய நிறுத்துவாங்களா?” என்றார். நான் வீட்டுக்குப் போய் அம்மாவின் பெரிய மோர் மத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். கொஞ்சம் தண்ணீர் விட்டு, தூளை ஒரு பானையில் குழைவாகக் கடைந்துகொண்டு, அப்புறம் பக்கெட்டில் ஊற்றிக் கலக்கினால் கட்டி நிற்கவில்லை. கையும் படவில்லை. இத்தனை வருஷம் இது ஒருத்தருக்கும் தோன்றாமல் போயிற்றே என்று நான் பெருமையாகச் சொல்ல, மருந்துக்காரர், “தோணிச்சி பாப்பா. மத்து யாரு குடுப்பாங்க?” என்றார்.

மிச்சக் கொல்லைக்கு நான்தான் கலந்து கொடுத்தேன். ஊரே வரப்பில் நின்று பார்த்தது. “எம்.எஸ்ஸி. படிச்சிட்டு மருந்து கலக்குது பாரு” என்று டீக்கடைக்காரர் சொன்னது எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அம்மா மத்து போன துக்கத்தில் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தானாகவே பேசினாள். “நீ கல்யாணம் ஆவாதவ. அவளுக்கு ஆவறது உனக்கு ஆவாதா? மூக்குல துணி கட்டிக்கினு கலக்கு, பெரிய படிப்பு படிச்சவளே” என்று சொல்லி, தன் பழைய புடவையைக் கிழித்துக் கொடுத்தாள். புது மத்து வாங்கின பிறகு, பழையது மருந்துக்காரரிடமே தங்கிவிட்டது.

இரண்டாவது தடவை வெங்காயம் வைத்தபோது அவரையும் அவர் மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்து, எது எதற்கு என்று முழுதாகச் சொன்னேன். அவர் இரண்டு கேள்வி கேட்டார். இரண்டுமே எனக்கே தோன்றாதவை. ஒன்று, மருந்து பட்ட கையால் பச்சைத் தண்ணீர் வெங்காயத்தைத் தொட்டால் பரவாயில்லையா என்பது. இன்னொன்று, பக்கெட்டிலிருந்து தெறிக்குமே என்பது. அவரே பச்சைத் தண்ணீர் டம்ளர்களைக் கொட்டாயின் அந்தக் கோடிக்கு மாற்றினார். பூஞ்சை வந்தபோது மனசில்லாமல் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு பூஞ்சையை மருந்து போடாமல் விடுவது அவருக்கு எவ்வளவு பெரிய கஷ்டம் என்று முகத்தில் எழுதியிருந்தது.

அந்தத் தடவை பச்சைத் தண்ணீர் வேர்களில் நூல்கள் அழகாகச் சரிபாதி பிரிந்து போயிருந்தன. மருந்துத் தண்ணீர் வேர்களில் பழைய கோலம்தான். வாத்தியாரிடம் அனுமதி வாங்கி, ஒரு சனிக்கிழமை அவர்கள் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய் மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார். அந்த அம்மாள் மருந்து சிலைடை ரொம்ப நேரம் பார்த்தாள். பார்த்துக்கொண்டே ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டாள். அதைக் காட்டியிருக்க வேண்டாமோ என்று எனக்குப் பட்டது. ஆனால் மறைத்துவைக்கவும் எனக்கு இனிமேல் உரிமை இல்லை.

ஹாஸ்டல் திறந்து நான் போய்விட்டேன். பேராசிரியை, “வெங்காயம் மனுஷன் இல்லை என்று முடிவுரையில் எழுது. அதற்காகப் பயப்படாமல் இருக்கலாம் என்றும் எழுதாதே” என்றார். எழுதினேன். மார்க்கும் நன்றாகத்தான் வந்தது. அந்த நாலு மாதமும் வீட்டிலிருந்து கடிதம் வந்தால் முதலில் அந்த அம்மாளைப் பற்றி ஒரு வரியைத்தான் தேடுவேன். அம்மா அரிசி விலை எழுதுவாள், மாடு கன்று போட்டதை எழுதுவாள், யாருக்கு நிச்சயமாயிற்று என்று எழுதுவாள். அதை மட்டும் எழுதமாட்டாள். ஐந்தாம் மாதம் தாண்டியாயிற்று, ஆறு தாண்டியாயிற்று என்று நானே விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

பொங்கல் லீவில் பையை வீட்டில் போட்டுவிட்டு, முகம்கூடக் கழுவாமல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெண் குழந்தை, பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்த அம்மாள் பாயில் உட்கார்ந்தபடி அதைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். நான் கொஞ்சவில்லை. துணியை விலக்கிவிட்டுக் கையைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன், விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். காதை மடக்கிப் பார்த்தேன், குப்புறத் திருப்பி முதுகைப் பார்த்தேன். குழந்தை வீல் என்று கத்திற்று.

“இன்னா பாப்பா தேடிகினு கீறே?”

“ஒண்ணுமில்ல” என்றேன்.

அவள் எட்டி, குழந்தையின் துணியை இழுத்து மூடினாள்.

“பத்து நாளு கைய வுட்டவ நானு. பொறந்த ஒடனே தலைலேந்து காலு வரிக்கும் நானும் அப்படித்தான் பாத்தேன். அவரும் பாத்தாரு. நீயும் பாத்துட்டே இல்ல? இனிமே ஒயுங்கா தூக்கு, கொயந்தைக்குத் தலை தொங்குது.”